மஞ்சள் பொடியும் அண்ணன் காலும்

அண்ணன் காலுறையைக் கழற்றியதும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். இடது காலில் கட்டைவிரலும் அடுத்த விரலும் கறுத்துக் கிடந்தன. புண்ணின் மேல் மஞ்சள் பொடி கட்டிகட்டியாக அப்பியிருந்தது. சமையல் மஞ்சள் அல்ல, கேப்சூலைப் பிரித்துக் கொட்டிய மருந்து.

ரப்பர் எஸ்டேட்டில் எங்கள் எல்லாருக்கும் அதுதான் வைத்தியம். பால்வெட்டுக் கத்தி கிழித்தாலும் சரி, சைக்கிளிலிருந்து விழுந்தாலும் சரி, கேப்சூலைப் பிரித்துத் தூவித் துணியைச் சுற்றினால் தீர்ந்தது. ரப்பர் மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, நாங்கள் ஈப்போ நகரத்து அடுக்குமாடிக்குக் குடிவந்த பிறகும் அண்ணன் அதை விடவில்லை. லூமுட் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர். சர்க்கரை வியாதி வேறு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "ஆறிடும்லா, நீ சும்மா இரு" என்பார். பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அன்று நான் போட்ட சத்தத்தில்தான் காரில் ஏறினார்.

வார்டில் டாக்டர் தமிழ்ப் பெண். இரண்டு நாள் கழித்து, புண்ணின் சீழைப் பரிசோதித்த முடிவோடு வந்தார்.

"இந்தப் பொடிக்கு இந்தக் கிருமி சாகாதுங்க. எத்தன வருஷமா தூவுறீங்க?"

"சின்னப் புள்ளையிலேருந்து டாக்டர்," என்றார் அண்ணன், பெருமையாக.

"அரைகுறையா மருந்து போட்டா, தப்பிச்ச கிருமிதான் பெருகும். இப்ப வேற மருந்து ஏத்துறோம். அதுவும் கேட்கலன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்கணும்."

தொங்கிய மருந்துப் பையைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன்.

"மண்ணுல ஒரு பாக்டீரியா இருக்கு. மத்த பாக்டீரியாவைக் கொல்ல அது சுரக்கிற மருந்து. நீங்க தூவுன பொடியும் அப்படி வந்ததுதான்."

கிருமிக்குக் கிருமியே மருந்தா? மண் பட்டால் சீழ் வைக்கும் என்று புண்ணைப் பொத்திப் பொத்தி வளர்ந்தவள் நான். இப்போது அண்ணனின் கால் ஒரு மண் கிருமியின் தயவில் இருந்தது.

அன்றே புண்ணைச் சுத்தம் செய்ய அறுவைக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு ஒரு நாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். புண் சிவந்து, சீழில்லாமல் இருந்தது.

"மருந்து கேட்குது. கால் தப்பிச்சிருச்சு," என்றார் டாக்டர்.

அண்ணன் திரும்பவில்லை. "நீ பாத்துச் சொல்லு. கிளட்ச் மிதிக்கலாமா?"

"மிதிக்கலாம்ணே. கால் இருக்கு."

"வெரலு?"

"மூணு இருக்குண்ணே," என்றேன்.