பெத்தணனின் நேரான வலது கை

நர்சிங் படிக்கிற பிள்ளைகள் பலருக்குப் பெத்தணனைத் தெரியும். பெயர்தான் தெரியாது. வகுப்புச் சுவரில் தொங்கும் சார்ட்டில் அரை டவுசரோடு நிமிர்ந்து நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் முன்பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டிருப்பார். அவருடைய நெற்றியிலிருந்து பாதம் வரை உடம்பை இரண்டாகப் பிரித்து ஒரு சிவப்புக் கோடு இறங்கும். அதற்குப் பெயர் நடுக்கோடு. அந்தச் சார்ட்டுக்குத் தமிழ்ப் பெயர்கள் எழுதிக் கொடுத்தவன் நான். விருதுநகரில் உயிரியல் வாத்தியாராக இருக்கிறேன்.

இந்த நிலைக்கு உடற்கூற்று நிலை என்று பெயர். உலகத்தில் யாரும் தானாக இப்படி நிற்பதில்லை. ஆனால் ஒருவர் மல்லாந்து கிடந்தாலும், குப்புறக் கிடந்தாலும், கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தாலும், அவருடைய முன், பின், மேல், கீழ் எல்லாவற்றையும் இப்படி நிற்கிற ஆளை மனதில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். வலது என்றால் அவருடைய வலது. பார்க்கிறவருடைய வலது அல்ல. வருஷா வருஷம் இதை வகுப்பில் சொல்கிறேன், வருஷா வருஷம் பாதி வகுப்பு மாற்றி எழுதுகிறது. யார் மேல் கோபப்படுவது என்று இப்போதெல்லாம் யோசிப்பதில்லை.

பெத்தணனுக்கு ஊர் எம். புதுப்பட்டி. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து அறை வெடித்தபோது இவர் வாசலில் நின்றார். தூக்கி எறிந்ததில் குப்புற விழுந்தார். வலது கை அடியில் மாட்டிக்கொண்டது, அதன் மேல் சுவர் விழுந்தது. தீ இவர் பக்கம் வரவில்லை. முழங்கை மட்டும் நொறுங்கி, மடங்கின வாக்கிலேயே சேர்ந்து இறுகிவிட்டது. நீட்டவும் முடியாது, உள்ளங்கையை மேல்பக்கம் திருப்பவும் முடியாது. கோயிலில் இடது கையில் விபூதி வாங்க மனமில்லாமல் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார். வெளியே கிளம்பினால் அந்தக் கையின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ பண்ணையாருக்குப் பின்னால் பணிவாகக் கை மடித்து வந்தவர் போலத் தெரியும்.

அவர் வீட்டில் உட்கார்ந்ததும் அதே கம்பெனிக்கு அவர் மனைவி ராமுத்தாய் போக ஆரம்பித்தாள். திரி சொருகும் வேலை. காலையில் கம்பெனி வண்டி தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கும். அவள் தூக்குவாளியோடு ஏறிப் போவாள். சாயங்காலம் திரும்பி வரும்வரை பெத்தணனுக்குச் சோறு இறங்காது. எங்கேயாவது டமார் என்று கேட்டால் எழுந்து நின்றுவிடுவார். அந்தப் பக்கத்தில் டமார் என்று கேட்காத நாள் கிடையாது. சோதனைக்கு வெடிப்பார்கள், கோயில் கொடைக்கு வெடிப்பார்கள், கல்யாணத்துக்கு வெடிப்பார்கள். ஆகவே பெத்தணன் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் இருந்தார்.

சிவகாசியில் காதர் பாட்சாவின் அச்சகத்தில் காலண்டர் சீசனுக்கு அவருக்கு வாசல் காவல் வேலை கிடைத்தது. அந்த வருஷம் காதர் பாட்சா ஒரு சார்ட் ஆர்டர் எடுத்திருந்தார். உடல் நிலைகளும் அசைவுகளும் என்று தலைப்பு. நிற்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அச்சகத்து டிசைனர் சாபிர், தன் சேக்காளி ஒருவனை ஜிம்மிலிருந்து கூட்டி வந்தான். அவன் சட்டையைக் கழற்றியதும் மார்பு முழுக்க ஒரு பாம்பு பச்சை குத்தியிருந்தது.

காதர் பாட்சா பார்த்துவிட்டு, "ஒடம்பு தெரியணும்லே, பாம்பு எதுக்கு?" என்றார். அப்புறம் வாசலைக் காட்டினார். "அங்கன பெத்தணன் இருக்காருல்ல. எலும்பு எது, தசை எதுன்னு வெரல வெச்சுச் சொல்லலாம்."

"கை மடங்கியிருக்கே, மொதலாளி."

"ஒனக்கு எதுக்குச் சம்பளம்?"

அதோடு பேச்சு முடிந்தது. சாபிர் அவரை நிற்க வைத்து, "துண்டக் களட்டுங்கண்ணே" என்றான். மடக்கல், நீட்டல், உடம்பை விட்டு விலக்கல், உடம்போடு சேர்த்தல் என்று அசைவுகள் எல்லாவற்றையும் இடது கையை வைத்தே எடுத்தான். மேஜையில் மல்லாத்திப் படுக்க வைத்தான், குப்புறவும் படுக்கச் சொன்னான். குப்புறப் படுக்கும்போது மட்டும் பெத்தணன் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பெரிய படத்துக்கு நேராக நின்றபோது வலது கை எப்போதும் போல வயிற்றுப் பக்கம் மடங்கி நின்றது.

சிவகாசியில் காலண்டர் செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குத்துவிளக்கென்றால் பாதி விளக்குத்தான் வரைவார்கள். தோரணம், தாமரை, தோகை விரித்த மயில் எல்லாமே பாதிதான். அந்தப் பாதியைக் கம்ப்யூட்டரில் திருப்பி ஒட்டினால் முழுசாகிவிடும். சாபிர் பெத்தணனையும் குத்துவிளக்குப் போலவே செய்தான். கழுத்துக்குக் கீழே இடது பாதியை நகல் எடுத்து, திருப்பி, நடுக்கோட்டில் ஒட்டினான். ஒட்டுத் தெரியாமல் இருக்கத்தான் அந்தச் சிவப்புக் கோடு அவ்வளவு தடிமனாக இருக்கிறது. எனக்கு இது பின்னால்தான் தெரிந்தது. இது பாடப்படம், மயில் இல்லை என்று சாபிரைப் பிடித்துத் திட்டினேன். "ரெண்டும் அழகாத்தான சார் இருக்கு" என்றான்.

சார்ட் அச்சாகிப் பெத்தணன் கைக்கு வந்தது. சாபிர் என்ன செய்தான் என்று அவருக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்தான். ஆனாலும் அன்றிலிருந்து வாசலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சார்ட்டைக் காட்டினார். "நாந்தான்" என்பார். அதற்கு மேல் விளக்கம் கொடுக்க மாட்டார். ராமுத்தாயிடமும் அப்படியே சொன்னார். அவள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "போட்டோல நல்லாத்தான் இருக்கீக" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். கம்பெனியில் இருந்து வந்தவளுக்கு அன்றைக்கு அவ்வளவுதான் தெம்பு.

சீசன் முடிந்து வாசல் வேலையும் போனது. அப்போதுதான் மாற்றுத் திறனாளிகளுக்குப் பெட்டிக்கடை ஒதுக்குவதாகச் செய்தி வந்தது. மருத்துவச் சான்று வேண்டும். மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். கடை கிடைத்தால் ராமுத்தாய் கம்பெனியை விட்டு நின்றுவிடலாம். பெத்தணனுக்கு அதைத் தவிர இந்தக் கடையால் வேறு ஒன்றும் ஆக வேண்டியதில்லை. வியாபாரம் என்பது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

சூலக்கரையில் அந்தச் சான்றுக்கான முகாம். இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனார்கள். அங்கே நடந்ததைப் பெத்தணன் சொல்ல, ராமுத்தாய் நடுநடுவே திருத்த, நான் கேட்டதுதான் இனி வருவது.

எலும்பு டாக்டர் பெயர் பர்ஹத். பொறுமையான பெண்மணி. முழங்கையில் கோணமானியை வைத்து அளந்தார். மெதுவாக நீட்டிப் பார்த்தார், நீளவில்லை. இரண்டு கையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, சுவரில் தொங்கிய ஒரு சார்ட்டைக் காட்டி, "அந்தப் படத்துல இருக்கிற மாதிரி நில்லுங்க" என்றார்.

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். பெத்தணனால் முடியவில்லை.

"அந்தப் படமே நாந்தான் டாக்டர்."

டாக்டர் படத்தைப் பார்த்தார். பெத்தணனைப் பார்த்தார். முகம் அதேதான். படத்தில் வலது கை தோளிலிருந்து விரல் வரை நேராக இறங்கி, உள்ளங்கையை அழகாக விரித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

"படம் எப்ப எடுத்தது?"

"போன வருசம்."

"விபத்து நடந்து நாலு வருஷம்னு சொன்னீங்க."

"ஆமா."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நான் சந்தேகப்பட்டுச் சொல்லலைங்க. ஆனா இதப் பாத்துட்டு எழுத முடியாது. எக்ஸ்ரே எடுத்துக்கிட்டு அடுத்த முகாமுக்கு வாங்க."

அடுத்த முகாம் வருவதற்குள் கடைக்கு விண்ணப்பிக்கும் கெடு முடிந்துவிடும். ராமுத்தாய்க்கு அது தெரியும். பெத்தணனுக்கும் தெரியும். ஒட்டிய கதையைச் சொன்னால் தீர்ந்தது. அவர் சொல்லவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களிடமும் காலையிலேயே "நாந்தான்" என்று சொல்லி வைத்திருந்தார். அந்தப் படம் ஒன்றில்தான் அவர் முழு ஆளாக இருந்தார். அதையும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. துண்டை இழுத்துக் கையை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

ராமுத்தாய் நாற்காலியிலிருந்து எழுந்து சார்ட்டுக்கு முன்னால் போய் நின்றாள். கிழிக்கத்தான் போனேன் என்று என்னிடம் ஒப்புக்கொண்டாள். கிட்டத்தில் போனதும் கை நின்றுவிட்டது. பெத்தணனுக்கு இடது சுண்டுவிரல் கோணல். சின்ன வயசில் சடுகுடுவில் ஒடிந்து அப்படியே கூடியது. படத்தில் இரண்டு கையிலும் சுண்டுவிரல் கோணலாக இருந்தது. உள்ளங்கைகளை முன்னால் திருப்பி நிற்கச் சொன்ன சாஸ்திரத்தின் புண்ணியத்தில் பத்து விரலும் பளிச்சென்று தெரிந்தன.

அவள் திரும்பினாள். "ஏங்க, இது ஒங்க எடது கைதான? ரெண்டுமே எடது கைதான?"

பெத்தணன் நிமிர்ந்து பார்த்தார். படத்தை அல்ல, படத்தின் மேல் ஊன்றியிருந்த அவள் விரலைப் பார்த்தார். நகத்தைச் சுற்றி அலுமினியத் தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகாத தூள். தன் கையிலும் ஒரு காலத்தில் இருந்த தூள்.

"எடது கைதான்," என்றார். வரிசையில் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "வலது கை படத்துல இல்ல. இங்கன இருக்கு."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மடங்கிய கையை மேஜை மேல் வைத்தார். டாக்டர் அந்தக் கையின் சுண்டுவிரலைப் பிடித்துப் பார்த்தார். நேராக இருந்தது. எழுந்து போய்ப் படத்தையும் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"இத்தன நாளா இந்தப் படத்தக் காட்டித்தான் வலது, இடது சொல்லிக் குடுத்திட்டிருந்தேன்," என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டே எழுதினார்.

ஆனைக்குட்டம் போகிற பாதையில் கடை கிடைத்தது. சாவி வாங்கி வந்த மறுநாள் காலை, கம்பெனி வண்டி வழக்கம்போலத் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. ராமுத்தாய் தலைவாரிக்கொண்டிருந்தாள். அவசரமாக எழப் போனவள், ஞாபகம் வந்து, மறுபடி உட்கார்ந்தாள். வண்டி இன்னொரு தரம் ஹாரன் அடித்தது.

பெத்தணன் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வாசலுக்குப் போனார். வலது கையைத் தோளோடு உயர்த்தினார். தோளிலிருந்து அந்தக் கை உடம்பை விட்டு நன்றாகவே விலகும். முழங்கை மட்டும் மடங்கியே இருந்தது. அந்தக் கையை அப்படியே இப்படியும் அப்படியும் அசைத்து, வரவில்லை, போங்க என்று காட்டினார். டிரைவருக்குப் புரிந்தது. வண்டி கிளம்பித் திருப்பத்தில் மறையும்வரை கையை அவர் இறக்கவில்லை.