பொழி முறிந்த படம்

ஊறுகாய்ப் பாட்டில் ஒன்று இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கழுத்துவரை நல்ல தண்ணீர், அடியில் ஒரு பிலிம் சுருள். அதை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு, பூவாரிலிருந்து திருவனந்தபுரம் போகும் பஸ்ஸில் மயினி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சேலை இடுப்புக்குக் கீழே நனைந்து ஒட்டிக் கிடந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் எங்கள் இருவர் மேலிருந்தும் கடல் மணல் உதிர்ந்தது. உள்ளே இருப்பது மீன்குஞ்சா என்று கண்டக்டர் மலையாளத்தில் கேட்டார். படம் என்று மயினி சொன்னாள். அவர் பாட்டிலையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். தண்ணீருக்குள் இருந்த அந்தச் சுருள்தான் எங்கள் வீட்டின் அன்றைய முழு நம்பிக்கை.

மயினி என் அண்ணனின் மனைவி. என்னைவிட மூன்று வயது மூத்தவள். காஞ்சிரங்குளத்தில் அவளுடைய மாமா ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன் அங்கே நெகட்டிவில் பென்சில் பிடித்து, மணப்பெண்களின் கன்னத்துப் பருக்களையும் மாப்பிள்ளைகளின் கண்ணுக்கடியில் இருக்கும் கருப்பையும் மறைப்பது அவள் வேலை. செங்கல் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பென்சிலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. துபாயில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த அண்ணன், ஒரு விடுமுறைக்கு வரும்போது அவளுக்கு ஒரு ஜப்பான் கேமரா வாங்கி வந்தான். அடுத்த வருஷம் அவன் சாரத்திலிருந்து விழுந்து, முதுகில் கட்டுடன் வந்து சேர்ந்தான். அதன்பிறகு திரும்பிப் போகவே இல்லை. நான் நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். என் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிட்டோம்.

ஸ்டுடியோ வைக்கலாம் என்றால் கல்யாண வீட்டுக்கு ஒரு பெண்ணைப் படம்பிடிக்கக் கூப்பிட அந்தக் காலத்தில் யாரும் துணியவில்லை. எங்கள் தேவாலயத்துச் சபைக்காரர்கள்கூட, பிள்ளைகளின் திடப்படுத்தல் ஆராதனைக்கு வேறு ஆளைத்தான் கூப்பிட்டார்கள். அப்படி இருக்கும்போதுதான், வக்கீல் படித்து ஒதுக்கிய ஆங்கிலப் பத்திரிகைகளை நான் வீட்டுக்கு எடுத்துவரப்போய் ஒரு காரியம் நடந்தது. மயினி படங்களைப் பார்ப்பாள், பார்த்து முடித்துவிட்டு அவற்றின் ஓரத்தில் செங்குத்தாக அச்சாகியிருக்கும் பொடி எழுத்துகளை என்னிடம் வாசிக்கச் சொல்வாள். வெவ்வேறு பத்திரிகைகளில், வெவ்வேறு படங்களின் ஓரத்தில், ஒரே பெயர் வந்துகொண்டிருந்தது. அது மனிதர் பெயரல்ல. வக்கீலிடம் கேட்டேன். படங்களைச் சேர்த்து வைத்து, வேண்டியவர்களுக்குப் பயன்படுத்தக் கொடுத்துக் கூலி வாங்கும் கம்பெனி அது, பம்பாயில் அதுபோல இன்னும் சில உண்டு என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் மயினிக்கு உடனே பிடிபட்டுவிட்டது. கல்யாண வீட்டுக்கு உருளியும் ஜமுக்காளமும் வாடகைக்கு விடுவதைப் போல. ஒரே உருளி எத்தனை வீட்டுக்கும் போய்வரும். படத்தை வாங்குகிறவன் அதை எடுத்தது ஆணா பெண்ணா என்று கேட்கப் போவதில்லை.

பம்பாய்க் கம்பெனி ஒன்றுக்கு அவள் ஸ்லைடுகள் அனுப்பத் தொடங்கினாள். ஆங்கிலத்தில் குறிப்புகளை நான் டைப் அடித்துக் கொடுத்தேன். முதலில் போனவை யானை, கட்டுவள்ளம், கோயில் உற்சவம். எல்லாம் அப்படியே திரும்பி வந்தன. கேரளத்து யானைகள் எங்களிடம் போதுமான அளவு நிற்கின்றன என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். அண்ணன் அதைக் கேட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அந்த நாட்களில் அவன் பேசுவதே அபூர்வம். கேமராவை விற்றுவிடலாம், நல்ல நிலையில் இருக்கும்போதே விற்றால்தான் உண்டு என்று ஒருநாள் சொன்னான். மயினி எதிர்த்துப் பேசவில்லை.

"இந்த இடவப்பாதி மழ ஒண்ணு கழியட்டும்" என்றாள். "அதுக்கு மேல நானே கொண்டு போய்க் குடுத்துட்டு வாறேன்."

ஜூன் மாதத்தில் இறங்கும் அந்த மழை அந்த வருஷம் ஓங்கிப் பெய்தது. நெய்யாறு கரை தொட்டு ஓடியது. பூவாரில் ஆறு கடலில் சேரும் இடத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டி வாயை அடைத்துவிடும். அந்த மணல் வரம்பைத்தான் அங்கே பொழி என்பார்கள். பொழி அடைத்துக் கிடந்தால் ஆற்று வெள்ளம் போக வழியில்லாமல் கரையோர வீடுகளுக்குள் ஏறும். அப்போது கடற்கரை ஆட்கள் மண்வெட்டியோடு கூடி, மணலை வெட்டி ஆற்றைத் திறந்து விடுவார்கள். அதற்குப் பொழி முறிப்பது என்று பெயர். மறுநாள் காலையில் முறிக்கப் போகிறார்கள் என்ற செய்தி பஸ்ஸில் எங்களுக்குக் கிடைத்தது. நான் ஆபீசுக்கு லீவு சொன்னேன். மயினி கடைசியாக மிச்சமிருந்த ஸ்லைடு பிலிமைக் கேமராவில் போட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. ஒரு பக்கம் கலங்கிய ஆறு அசையாமல் நின்றது. மறுபக்கம் கடல் ஆள் உயரத்துக்கு எழுந்து விழுந்தது. நடுவில் இருந்த மணல்மேட்டில் ஒரு இருபது பேர் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். கடல் பக்கத்திலிருந்து தொடங்கி ஆற்றை நோக்கி வெட்டி வந்தார்கள். வெட்டின் அகலம் ஒரு முழம்கூட இருக்காது. முன்னால் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தவர், தலையில் தோர்த்துத் துண்டு கட்டிய ஒரு வயசாளி. கேமராவோடு நின்ற எங்களைப் பார்த்ததும் அவர் வெட்டை நிறுத்தி, எங்களைப் பின்னால் தள்ளிப் போகச் சொன்னார். பொழி பொட்டினால் மண் நிற்காது, நின்ற இடமும் கூடவே போகும் என்றார். மயினி தலையாட்டினாள். அவர்கள் எல்லாரும் வெட்டுக்கு அந்தப் பக்கம் ஒதுங்க, நாங்கள் இந்தப் பக்கத்தில் ஒரு மணல்மேட்டின் மேல் ஏறி நின்றோம்.

கடைசி மண்ணை வெட்டித் தள்ளியபோது நடந்தது எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. ஒரு ஓடை. குளியலறைத் தண்ணீர் தென்னைமூட்டுக்குப் போவதுபோல ஆற்று வெள்ளம் அந்த வெட்டு வழியாக மெல்லக் கசிந்து கடலைப் பார்த்துப் போனது. பிறகு அது கொஞ்சம் வேகம் பிடித்தது. ஓரத்து மணலைத் தின்றது. ஒரு முழம் இரண்டு முழமாயிற்று. அப்புறம் எங்கிருந்தோ ஒரு முழக்கம் கேட்டது. கடலின் சத்தம் அல்ல அது, அடியிலிருந்து வந்த சத்தம். மணல்சுவர்கள் பாளம் பாளமாகப் பிளந்து சரிய, அந்த நீளமான ஆறு முழுவதும் திடீரென்று நினைவு வந்ததுபோல எழுந்து நடந்தது. செம்மண் நிறத்து வெள்ளம் பச்சைக் கடலுக்குள் புகுந்து, எதிரே வந்த அலையைத் தூக்கி வானத்தில் எறிந்தது. நான் சிறுவயதில் பைபிளில் வாசித்த கடல் பிளந்த கதையைக் கண்ணால் கண்டுகொண்டிருந்தேன். எதிர்க்கரையில் ஆட்கள் எங்களுக்கு முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக ஓடிய வயசாளியின் தோளில் மண்வெட்டி இருந்தது.

மயினி ஓடவில்லை. கேமராவில் கண் வைத்தபடி, ஒவ்வொரு படத்துக்கும் மூச்சை நிறுத்தி, நிதானமாகப் பிலிமைச் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கூப்பிட்டேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் காலுக்கு முன்னால் மணலில் ஒரு கோடு விழுந்ததை நான்தான் பார்த்தேன். அடுத்த கணம் அந்த மேடு பாதியாகச் சரிந்தது. அவள் இடுப்புவரை வெள்ளத்தில் போனாள், கையிலிருந்து நழுவி வாரில் தொங்கிய கேமராவும் அவளோடு முங்கியது. நான் குப்புற விழுந்து அவளுடைய கையைப் பிடித்தேன். என்னால் அவளை இழுக்க முடிந்தது என்று இன்றும் நம்பமுடியவில்லை. வெள்ளமே அவளை ஒரு தள்ளுத் தள்ளி விட்டுக்கொடுத்தது என்றுதான் நினைக்கிறேன். கரையேறியதும் அவள் மணலில் படுத்துக் கிடந்தாள். எழுந்து முதலில் செய்தது, மணல் நறநறக்கும் அந்தக் கேமராவில் பிலிமைப் பின்னால் சுற்றி எடுத்ததுதான்.

"காய விடப்பிடாது பிள்ளே. காஞ்சா ஒண்ணோடொண்ணு ஒட்டிப் போவும். நல்ல வெள்ளம் கொண்டா" என்றாள்.

கடற்கரைச் சாயாக்கடையில் காலி ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றை வாங்கி நல்ல தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன், பஸ்ஸில் அவள் மடியில் இருந்தது அதுதான். அதே ஈரத்தோடு திருவனந்தபுரத்தில் படம் கழுவும் லேபில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்தோம். நடந்ததை நான் சொன்னேன். அண்ணன் கேமராவை வாங்கிக் குலுக்கினான். லென்சுக்குள்ளிருந்து தண்ணீரும் மணலும் அவன் மடியில் கொட்டின. மயினி வாசல்படியில் நின்றாள்.

"இனி இத விக்கண்டாம்" என்றாள்.

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சிரித்தான். முதுகு வலிக்க வலிக்க, கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சாரத்திலிருந்து விழுந்த பிறகு அவன் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றுதான். சிரித்து முடித்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அவள் தலையிலிருந்த மணலை விரலால் தட்டிவிட ஆரம்பித்தான்.

பிலிமில் பெரும்பகுதியை உப்பு தின்றுவிட்டது. தப்பியவை சில. அவற்றில் ஒன்றை, பெட்டிக்குள் டியூப்லைட்டை வைத்துக் கண்ணாடி மூடி மயினியே செய்த வெளிச்சப் பலகையின் மேல் வைத்து நாங்கள் மூவரும் தலை முட்டக் குனிந்து பார்த்தோம். அகலமான அந்த வெள்ளம் உறைந்து நின்றது. அதன் மேல் எறியப்பட்ட அலையின் ஒவ்வொரு துளியிலும் வெளிச்சம் இருந்தது. தூரத்தில், விரல்நகம் அளவில், மண்வெட்டியோடு ஓடும் ஒரு முதுகு. நேரில் நான் கண்டதைவிடப் பெரியதாக அது இருந்தது.

பம்பாய்க்காரர்கள் இந்த முறை திருப்பி அனுப்பவில்லை. வக்கீல் ஆபீஸ் போனில் கூப்பிட்டு, இதுபோல வேறு என்ன உண்டு என்று கேட்டார்கள். அந்தப் படம் எங்கோ ஒரு நாட்டில் பள்ளிக்கூடப் புத்தகத்தின் அட்டையானது. இன்னொரு நாட்டில் ஒரு வங்கியின் காலண்டரில் வந்தது. போன இடமெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ஆனால் வாடகை வந்தது. புதுக் கேமரா வந்தது. மயினி ஊர் ஊராக நடந்தாள். பாறசாலைச் சந்தையில் மழையில் விரியும் குடைகள், ரப்பர்ப்பால் ஒட்டிய விரல், கோர்ட்டு வராந்தாவில் காலியாகக் கிடக்கும் பெஞ்சு. யாருடைய முகமாவது தெரிந்தால் அவர்களிடம் சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அனுப்புவாள். கட்டிலில் இருந்தபடியே ஸ்லைடுகளைப் பிரித்து, அவற்றின் அட்டைச் சட்டங்களில் பொடி எழுத்தில் குறிப்பு எழுதுவது அண்ணனின் வேலையாயிற்று. அவன் எழுத்து அச்சுப்போல இருக்கும். நாளடைவில் அவன் எழுந்து உட்கார்ந்து எழுதினான், பிறகு மேசைக்கு நடந்து போனான்.

தொண்ணூறுகள் முடியப்போகும் சமயத்தில், படங்களை இனி இன்டர்நெட்டில் போடுகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் தெரிவித்தார்கள். நெய்யாற்றின்கரையில் அப்போதுதான் முதல் பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. மூவரும் போனோம். படம் உடனே வரவில்லை. முதலில் ஒரு கீற்று வானம், கொஞ்சம் பொறுத்து இன்னொரு கீற்று. பிறகு அலையின் உச்சி. மேலிருந்து கீழே, யாரோ திரையைத் துளித்துளியாக இறக்குவதுபோல, எங்கள் ஆறு அந்தக் கண்ணாடிக்குள் வந்து நிறைந்தது. அண்ணன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். இதே சமயம் இதை உலகத்தில் எங்கிருந்தும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று மயினி கேட்டாள். கடைக்காரப் பையன் ஆமாம் என்றான். அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள், ஆட்கள் நிறைந்த கோயிலுக்குள் நுழைவதுபோல.

இன்று மயினிக்கு அறுபது ஆகிறது. வீட்டிலிருந்தே படங்களை ஏற்றுகிறாள். உலகம் முழுவதும் எல்லோரும் ஏற்றுகிறார்கள், ஒரு படத்துக்குக் கிடைப்பது ஒரு சாயாக் காசுதான் என்று சொல்லிச் சிரிக்கிறாள். ஆனாலும் அந்த வரும்படியில்தான் இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் வீடு நின்றது. கண் முன்னால் நடந்திருந்தும் எனக்கு இது இன்னும் அதிசயம்தான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, கம்ப்யூட்டரில் அதைப் பார்த்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஆராதனை முடிந்ததும் மயினி அந்தப் படத்தின் பெரிய பிரிண்ட் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னையும் பூவாருக்குக் கூட்டிப் போனாள். கடற்கரையில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே அந்த வயசாளி இருந்தார். உலகமெல்லாம் போன படத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று சொல்லி, அந்தச் சின்ன முதுகை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. வெள்ளத்தைப் பார்த்தார். பிரிண்டைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், மறுபடி தள்ளிப் பிடித்தார்.

"சின்ன வயசிலேருந்து பொழி வெட்டுகேன் மக்களே" என்றார். "வெட்டு முறிஞ்ச உடன முதுக காட்டி ஓடணும். திரும்பிப் பாத்தா ஆளு போச்சு. எங்கப்பனும் கண்டதில்ல. நாங்க தொறந்து விடுகது இதயாக்கும்னு இப்பந்தான் காணுகேன்."

வலையை விட்டுவிட்டு மற்றவர்களும் எழுந்து வந்தார்கள். படத்தைத் தொடுவதற்கு முன் ஒவ்வொருவரும் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்கள். அவர் யாரிடமும் அதைக் கொடுக்கவில்லை. மணலில் உட்கார்ந்து, முட்டின்மேல் அதை விரித்து வைத்துக்கொண்டார். மற்றவர்கள் அவரைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். பின்னால் கடல் விழுந்து எழுந்துகொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.