மணப்பாட்டுக்குப் போன லாரி ஸ்டவ்

என் கணவர் நாமக்கல்லில் லாரி டிரைவர். போன கோடை விடுமுறையில், கையைக் கடிக்காமல் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட மணப்பாட்டுக்குத் திட்டம் போட்டேன். தம்பியின் ஆம்னி வேன், மலிவான அறை எல்லாம் தயார். அவர் லாரி கேபினில் இருந்த ஸ்டவ்வையும் எடுத்து வைத்தார்.

“ஏனுங்க, டூருக்கு யாராச்சும் ஸ்டவ்வத் தூக்கிட்டுப் போவாங்களா? பக்கத்தூட்ல பாத்தா சிரிப்பாங்க.”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க, உடு.”

அவருக்குத் தெரியாமல் அதை ஒளித்து வைத்தேன். தேடி எடுத்துவிட்டார்.

கடற்கரையில் படகுக்காரரிடம் மீன் வாங்கினார். காற்றுக்குத் தார்ப்பாயை மறைப்பாகக் கட்டி ஸ்டவ்வைப் பற்றவைத்தார். உதவிக்கு எழுந்த என்னிடம், “நீ உக்காரு சாமி” என்றார். வீட்டில் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காதவர், வெங்காயத்தை உள்ளங்கையில் வைத்தே அரிந்தார். போகிற ஊர்களில் எல்லாம் இப்படித்தான் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார். பதினாலு வருஷமாக எனக்கு அது உறைக்கவே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்பத்திடம் மகள் கிண்ணத்தை நீட்டினாள். “எங்கப்பா வெச்ச கொழம்பு.”

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு அக்கா, “எந்த ஹோட்டல்ல சாப்டீங்க?” என்று கேட்டார்.

“எங்கூட்டுக்காரர் சமையலுங்க அக்கா, லாரி ஸ்டவ்வுல” என்றேன். தெருவுக்கே கேட்கும்படிதான் சொன்னேன்.