வேறொருவன் கை

நகங்களை ஒட்ட வெட்டியிருக்கிறோமா என்று பார்த்துவிட்டுத்தான் குய்மெய் காலையில் முதல் துண்டைத் தொடுவாள். சுட்ட மண் துண்டைக் காதருகே பிடித்து விரலால் ஒரு தட்டு. ணங் என்றால் நன்றாக வெந்தது. மொத்தென்றால், "என்னடா, காய்ச்சலா?" என்று விசாரித்துப் பஞ்சு விரித்த தட்டில் படுக்க வைப்பாள்.

பேரரசரின் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த மண் சிப்பாய்கள் நொறுங்கித்தான் வெளியே வருகிறார்கள். அவர்களை எழுப்பி நிறுத்துவது சீனாவின் லிந்தோங்கில் அவளுக்கு வேலை. மதியம் மிளகாய் எண்ணெய் ஊற்றிய பட்டை பட்டையான நூடுல்ஸ், கடித்துக்கொள்ளப் பச்சைப் பூண்டு. சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் எந்தச் சிப்பாயின் முகத்துக்கு நேராகவும் மூச்சு விடமாட்டாள்.

மாதுளைத் தோட்டக்காரர் வீட்டிலிருந்து முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள். "உடைஞ்ச சட்டியை ஒட்டவா நாலு வருஷம் படிச்சே?" என்று அப்பா நேரில் கேலி செய்வார். சந்தையில் மட்டும், "பேரரசரோட படையே எம்பொண்ணு கையிலதான் இருக்கு" என்பார். பட்டறையில் பலருடைய தகப்பன்மாரும் சிப்பாய்கள் புதைந்திருந்த குழியைத் தோண்டியவர்கள். அவர்களைப் போலத் தனக்கும் உண்மையிலேயே துண்டுகளை அறியும் கண் இருக்கிறதா, சான்றிதழ்தான் இருக்கிறதா என்ற சந்தேகம் குய்மெய்யை விட்டதில்லை.

முழுக்க அவளே நிமிர்த்திய முதல் வில்லாளி, அருங்காட்சியகத்தின் புதிய கூடத்தில் முன்வரிசையில் நிற்கவிருந்தான். பலகையில் அவள் பெயர் இருக்கும். திறப்புக்கு நான்கு நாள் முன்பு, குழியிலிருந்து வந்த கூடையில் ஒரு வலது கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் பிறை வடிவில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. பெயர்ந்த அதே பிறைச் சில்லு அவளுடைய வில்லாளியின் சட்டைக் கைக்குள் ஒட்டியிருந்ததும், அதைப் பழைய அழுக்கு என்று விட்டுவிட்டதும் உடனே நினைவுக்கு வந்தன. அந்தக் காலத்துக் குயவர்கள் கைகளைத் தனியாகச் செய்து செருகினார்கள். யார் கையும் யார் சட்டைக்குள்ளும் உட்காரும். ஐந்து மாதமாக அவன் வேறொருவன் கையோடு நின்றிருக்கிறான்.

பட்டறைத் தலைவர் சியோங் கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து பார்த்தார்.

"பொருந்தித்தானே இருக்கு? யாருக்குத் தெரியப்போகுது, பொண்ணே?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே, தலைவரே."

"பிரிச்சா திறப்புக்கு ஆகாது. ஒட்டினப்புறம் பத்து நாள் தூக்கக் கூடாது. முன்வரிசைக்கு வேற ஆளு போயிடுவான். அப்புறம் அழக் கூடாது."

"போகட்டும். அங்க அடுத்தவன் கையோட நிக்கிறவனுக்கு எம்பேரு வேணாம்."

பசை கரைக்கும் புட்டியை சியோங்கே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அதைவிடக் கஷ்டம் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்வது. அவர் பதினோரு உறவினர்களுக்கு வேன் பேசி வைத்திருந்தார்.

"அப்பா, எங்க ஆளு திறப்புக்கு வரல."

"ஏன், லீவு கிடைக்கலியா?"

"கையை மாத்தி ஒட்டிட்டேன்."

"நீயா கண்டுபிடிச்சியா, யாராச்சும் சொன்னாங்களா?"

"நாந்தான்."

"அப்ப வேன் வரும்."

திறப்பு நாளில் கூடத்துப் பக்கம் முரசு முழங்கியது. பட்டறையில் குய்மெய் பசை தடவிய கையைச் சட்டைக்குள் செலுத்தினாள். பிறையோடு பிறை சேர்ந்து மயிரிழைகூடத் தெரியவில்லை. பசை பிடிக்கும்வரை இருபது நிமிடம் அசையக் கூடாது. ஒரு கையால் அவன் முழங்கையைத் தாங்கி, மறு கையால் அவன் உள்ளங்கையைப் பற்றி நின்றாள்.

பட்டறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே அப்பா வந்து நின்றார், பின்னால் பதினோரு பேர். முன்வரிசையைப் பார்க்கப் போகாமல் நேராக இங்கேதான் அழைத்து வந்திருக்கிறார். அவளைச் சுட்டி ஏதோ சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேல் ஆட்டினார். குய்மெய் சிப்பாயின் கையை விடவில்லை. முகவாயை மட்டும் உயர்த்தினாள்.