நான் மென்று விழுங்கிய பருப்பு

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு மல்லாட்டை மில்லில் பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன். வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அங்கே நாற்பது பெண்களுக்கு நான்தான் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, என் வாய் தேர்ந்தெடுத்தது. கூலி உயர்வா, கக்கூஸுக்குக் கதவா, முதலாளி முன்னால் போய் நிற்பது நான். மற்றவள் வாயைத் திறப்பதற்குள் அவளுக்கும் சேர்த்து நானே பேசி முடித்துவிடுவேன். அதில் எனக்கு அப்படியொரு கர்வம்.

சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேன் முன்னால் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். தீபம் முடிந்த வாரம் ஒருநாள், என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிறவளின் மடியிலிருந்து ஒரு கைப்பிடி பருப்பு கொட்டியது. அவளுக்குத் திக்குவாய். வாட்ச்மேன் பருப்பைக் காகிதத்தில் அள்ளிக்கொண்டு போய் ஆபீஸ் மேஜையில் வைத்தான். நாங்கள் எல்லாரும் பின்னாலேயே போனோம்.

"ஏது இது?" என்று முதலாளி அவளைக் கேட்டார்.

அவள் உதடு துடித்தது. சத்தம் வரவில்லை. வரும்வரை நிற்க எனக்கு ஏது பொறுமை?

"பசிக்கு எடுத்துட்டா மொதலாளி. மூணு புள்ளைங்க, புருஷனும் சரியில்ல. ஒருவாட்டி மன்னிச்சு விடுங்க. இவள நிறுத்துனா நாளைக்கு ஒருத்தியும் வரமாட்டோம்!"

அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "நீ சும்மா இரு, நான் பேசறேன் இல்ல" என்று கையைத் தட்டிவிட்டேன்.

"ஒனக்காக விடறேன். இனிமே அவ மடியில ஒண்ணு இருந்தாலும் வேலை கெடையாது" என்றார் முதலாளி. பெண்கள் கைதட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்த சந்தோஷத்தில் மேஜையிலிருந்து ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டேன்.

மொறுமொறுவென்று இருந்தது. உப்புக் கரித்தது. மில்லில் இருப்பதெல்லாம் பச்சைப் பருப்பு. இது வீட்டில் தோலோடு வறுத்தது, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. மத்தியானச் சோற்றுக்குக் கடித்துக்கொள்ள அவள் கொண்டுவந்ததில் மிச்சம்.

முதலாளி எதிரிலேயே இருந்தார். ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால், திருடாதவளைத் திருடியாக்கினது நான்தான் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துபோகும். அப்புறம் எவள் என் பின்னால் வருவாள்? மென்று விழுங்கிவிட்டேன்.

மறுநாளிலிருந்து வாட்ச்மேன் அவளைத்தான் முதலில் கூப்பிடுவான். அவள் பக்கத்தில் யாரும் கூடை வைக்கவில்லை. விஷயம் புருஷன் காதுக்குப் போய், ஒருநாள் முகமெல்லாம் வீங்கி வந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் நான் கெடவில்லை, பக்கத்தில் இருந்தவள் கெட்டாள். "அக்கா முன்ன மாதிரி இல்ல, இப்பல்லாம் யோசிச்சுப் பேசுது" என்று எனக்கு நல்ல பேர் வேறு. மௌனத்தின் அருமையைத் தெரிந்துகொள்ள எங்கெங்கிருந்தோ வந்து மலையடிவாரத்தில் வருஷக்கணக்காக உட்காருகிறார்கள். எனக்கு ஒரு பருப்பு போதுமாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பு.

பொங்கலுக்கு முன்பே அவள் நின்றுவிட்டாள். கடைசி நாள் கேட்டில் மடியை உதறிவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "யக்கா... நீ... நீ அத கடிச்சுப் பாத்த இ... இல்ல?"

அவள் முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் நின்றேன். முடித்த பிறகும் பேசவில்லை.