கப்பலேற ஒரு கொப்புளம்

நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற மூன்று காகிதங்கள் வேண்டும் என்று அப்பா விரல் மடக்கிச் சொன்னார். ஒன்று டிக்கெட். இரண்டு பாஸ்போர்ட். மூன்றாவது, அம்மை குத்திக்கொண்டதற்கு டாக்டர் முத்திரை வைத்துத் தரும் மஞ்சள் புத்தகம். முதல் இரண்டும் அப்பாவின் பெட்டிக்குள் வந்துவிட்டன. மூன்றாவது என் இடது கையைப் பொறுத்திருந்தது.

எனக்கு அப்போது ஏழு வயது. ஊரில் சின்னம்மாவுக்குக் கல்யாணம். அம்மா தன் ஒரே தங்கையைப் பார்த்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தால் அம்மா போய்ச் சேர்வதற்குள் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். துறைமுகத்தில் கிராணியாக, கணக்கெழுதும் வேலையில், இருந்த அப்பாவுக்கு விடுப்பு இல்லை. அம்மாவும் நானும் மட்டும் போவதாக ஏற்பாடு. என்னை விட்டுவிட்டு அம்மா போகமாட்டார்.

ஏழு வயது வரை எனக்கு அம்மை குத்தாமல் இருந்ததற்குக் காரணம் அத்தை. அப்பாவின் அக்கா. ஃபேரர் பார்க்கில் எங்களோடுதான் இருந்தார். பள்ளிக்கு அம்மை குத்த வருகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், அன்று காலையே எனக்குத் தலை வாரி, பூ வைத்து, காத்தோங் பிள்ளையார் கோயிலுக்கு அழைத்துப் போய்விடுவார். இவ்வளவு பக்தியுள்ள குழந்தையைப் பார்த்ததில்லை என்று என் ஆசிரியை அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த முறை, அத்தை சந்தைக்குப் போன நேரமாகப் பார்த்து அப்பா என்னை மருந்தகத்துக்குக் கூட்டிப்போனார். தாதியை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அந்த மிஸ்ஸி தமிழ்ப் பெண். என் கையில் ஒரு சொட்டு மருந்தை வைத்து ஊசி முனையால் கீறினார்.

"எட்டாம் நாள் வந்து காட்டணும் லா. கொப்புளம் வந்திருந்தாத்தான் முத்திரை" என்றார்.

கப்பல் பன்னிரண்டாம் நாள்.

இப்போது நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். இன்று என்றால் குறிப்பேட்டில் இப்படி எழுதியிருப்பேன்: ஏழாம் நாள், லேசான காய்ச்சல், கொப்புளம் ஒன்று, எல்லாம் எதிர்பார்த்தபடி. அத்தை என் கையைப் பார்த்துவிட்டு வேறு விதமாகச் சொன்னார். ஆத்தா வந்துவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் வீடு மாறிப்போனது. வாசலில் வேப்பிலை ஏறியது. அடுப்பில் தாளிப்பது நின்றது. வெளியார் யாரும் உள்ளே வரக்கூடாது, நான் வெளியே போகக்கூடாது. தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வாசற்படி தாண்டலாம். அத்தை நாள் எண்ணிப் பார்த்தார். மூன்றாம் தண்ணீர் கப்பல் புறப்படும் நாளுக்கு மறுநாள் வந்தது.

"அக்கா, இது மருந்தால வந்தது. ஆத்தா இல்ல" என்றார் அப்பா.

"கூப்பிட்டது நீதானே தம்பி? கூப்பிட்டுட்டு, வந்தவளை யாருன்னு கேக்குறியா?"

அப்பாவுக்கு இன்னொரு பயமும் இருந்தது. தெருவில் போகும் சுகாதார இன்ஸ்பெக்டர் வேப்பிலையைப் பார்த்தால் உண்மையான அம்மை என்று நினைத்து, வீட்டோடு எங்களை, அம்மை கண்டவர்களைத் தனியே வைக்கும் தீவு முகாமுக்கு அனுப்பிவிடலாம். வேலைக்குப் போகும்போது அப்பா வேப்பிலையை அவிழ்த்துப் போட்டார். அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அத்தை மறுபடி கட்டிவிட்டார். அம்மா அதுவரை அடுக்கியிருந்த புடவைகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்.

எட்டாம் நாள் மதியம் அப்பா மிஸ்ஸியை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அத்தை வாசலை மறித்து நின்றார்.

"தெருவில இருந்து வந்தவங்க உள்ள வரக்கூடாது."

"கையை மட்டும் பாத்தாப் போதும்மா. புள்ளைய வெளியே அனுப்புங்க."

"புள்ள படி தாண்டக்கூடாது."

மிஸ்ஸி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா மிஸ்ஸியைப் பார்த்தார். அப்போது அம்மா என்னைத் தூக்கி ஜன்னலோரப் பெஞ்சில் நிறுத்தி, என் இடது கையைக் கம்பிகளுக்கு நடுவே தோள் வரை வெளியே நீட்டிவிட்டார்.

"அண்ணி, புள்ள உள்ளதான் இருக்கா. கை மட்டுந்தான் வெளியே" என்றார்.

கையைப் பற்றி அத்தையின் விதிகளில் எதுவும் இல்லை. வேறு வழியில்லாமல் அவரும் பெஞ்சருகே வந்து, பின்னாலிருந்து என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தரையிலிருந்து இரண்டடி உயரப் பெஞ்சு. ஜன்னலில் கம்பி வேறு இருந்தது. நான் எங்கே விழுந்துவிடப் போகிறேன் என்று எனக்குப் புரியவில்லை.

"நல்லாப் பிடிச்சிருக்கு. அழகான கொப்புளம்" என்றார் மிஸ்ஸி. என் உடம்பில் எதையும் அதுவரை யாரும் அழகு என்று சொன்னதில்லை. பெருமையில் கையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். "முத்திரை வாங்கிடலாம். நாலு நாள்ல கப்பல் ஏறலாம்."

பிறகு மிஸ்ஸி தன் சட்டைக் கையைச் சுருட்டி, மேற்கையிலிருந்த வட்டத் தழும்பை ஜன்னல் வழியாக அத்தைக்குக் காட்டினார். "நாங்களும் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிற குடும்பந்தாம்மா. ஆத்தா என்னை ஒண்ணும் சொல்லலயே."

அத்தை அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படிக் குத்துறது எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டார்.

"எங்க தாத்தா காலத்துக்கும் முந்தியே இருக்கும்மா."

என் இடுப்பிலிருந்த கைகள் தளர்ந்தன.

அத்தைக்கு ஒரு மகன் இருந்தான் என்பது அன்று எனக்குத் தெரியாது. நான் பிறப்பதற்கு முன்பு அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பலில் வந்திருக்கிறார். வழியில் அம்மை பரவியது. எல்லோரையும் தீவில் நிறுத்திவைத்தார்கள். அங்கிருந்து அத்தை தனியாகத்தான் ஊருக்குள் வந்தார். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடம் அப்பா இதைச் சொன்னார்.

அன்று கண்ணால் பார்த்தது மட்டுமே எனக்குத் தெரியும். அத்தை வாசலுக்குப் போய் வேப்பிலையை அவிழ்த்தார். மூன்றாம் தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா புடவைகளை மறுபடி பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தார். ரிக்‌ஷாவில் ஏறப்போன மிஸ்ஸியிடம் அத்தை கேட்டார்:

"கப்பல்ல போகாதவங்களுக்கும் குத்துவீங்களா?"

"யாருக்கு வேணும்னாலும் குத்துவோம். வாங்கம்மா."

மறுநாள் காலை அத்தை நல்ல புடவை கட்டிக்கொண்டு மருந்தகத்துக்குப் போய்விட்டு வந்தார். நான் எனக்குத் தெரிந்த வகையில் கணக்குப் போட்டேன். அம்மை குத்திக்கொள்வது கப்பலுக்காக. அத்தை குத்திக்கொண்டுவிட்டார். ஆகவே அத்தையும் எங்களோடு வருகிறார், கேட்கத்தான் கூச்சப்படுகிறார். கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துத்தான் படுக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார்.

"அத்தை, நீங்க என் பாய்ல படுத்துக்கலாம். ரெண்டு பேருக்கும் இடம் இருக்கும்" என்றேன்.

அத்தை என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். இடம் போதாது என்று யோசிக்கிறார் போலும். இன்னும் கொஞ்சம் ஒடுங்கிப் படுத்துக்கொள்வதாகச் சொன்னேன்.