பனிநாட்டுத் துறவியும் என் சித்தப்பாவின் தாடியும்

வாலாஜாபாத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் சல்லடை போட்டுச் சலித்தாலும் என்னைப் போல ஒரு முட்டாள் கிடைத்திருக்க மாட்டான். ஒன்பது வயதில் என் சொந்தச் சித்தப்பாவைப் பட்டப்பகலில் தாக்கியவன் நான். ஆயுதம், அம்மாவின் கத்தரிக்கோல். காரணம், அவர் ரஷ்யாவிலிருந்து வந்த, சாகவே சாகாத ஒரு சாமியார் என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. அவர் எங்கள் வீட்டு உள்ளறையில், என் அப்பாவுக்கு மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவர் என்பதும் தெரியும். துப்பறியும் மேதைகள் இந்த மாதிரிச் சில்லறை விஷயங்களைப் பொருட்படுத்துவதில்லை.

குற்றத்துக்கு உடந்தை சித்தப்பாவேதான். ஒரகடத்தில் தொழிற்சாலைகள் முளைக்காத, வேர்க்கடலை மட்டும் முளைத்த காலம் அது. அவருக்கு வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் வேலை. மாசத்துக்கு ஒரு தடவை பஸ் ஸ்டாண்ட் கடையில் எனக்கொரு படக்கதைப் புத்தகம் வாங்கி, சைக்கிள் கேரியரில் செருகிக்கொண்டு வருவார். அப்படி வந்த ஒன்றில்தான் பனிநாட்டுத் துறவி இருந்தான். இடுப்புவரை தாடி, இமைக்காத கண்கள். அவன் உற்றுப் பார்த்தால் ராணி சோறு தண்ணி மறந்து வெளுத்துப்போவாள். விஷம் வைத்த பலகாரத்தைத் தின்றுவிட்டு இன்னும் ரெண்டு கேட்பான். குண்டு பட்டால் தூசி தட்டுவதுபோல் தட்டிவிடுவான். கடைசியில் கதாநாயகன் குதிரையில் பாய்ந்து வந்து வாளால் அவன் தாடியை அறுக்க, மந்திரமெல்லாம் ஒழிந்து ராணி கண் விழிப்பாள்.

இதோடு விட்டிருந்தால் சித்தப்பா தப்பித்திருப்பார். பின்னட்டைக்கு உள்பக்கம் ஆசிரியர் பெட்டி கட்டி எழுதியிருந்தார்: இந்தத் துறவி முழுக் கற்பனை அல்ல, ரஷ்யாவில் இப்படி ஒரு சாமியார் நிஜமாகவே வாழ்ந்தார், இளவரசனின் நோயைத் தணித்ததால் அரண்மனையில் அவர் சொன்னது நடந்தது, பிடிக்காதவர்கள் விஷம் வைத்து, சுட்டு, ஆற்றில் போட்டார்கள். நான் யோசித்தேன். முதல் இரண்டுக்கும் அசையாதவன் ஆற்றில் மட்டும் ஏன் சாக வேண்டும்? நீந்திக் கரையேறியிருப்பான். கரையேறியவன் எங்கே போனான்?

சித்தப்பா அப்போதுதான் தாடி வளர்க்க ஆரம்பித்திருந்தார்.

சாட்சிகளைத் திரட்டினேன். கொல்லையில் சாரைப்பாம்பு வந்தது. வழக்கமாகத் தடியோடு முதல் ஆளாக ஓடுபவர், அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். பாம்பும் அவரைப் பார்த்துவிட்டு மரியாதையாக வேலிக்குள் போனது. கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போனோம். தேங்காயை என் கையில் திணித்து, "நீ ஒடை" என்றார். முருகனுக்குத் தேங்காய் உடைக்கக்கூட முடியாத ஆள் யாராக இருக்க முடியும்? இதற்கெல்லாம் மேலே, சித்தி. நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டு போனாள். சோற்றைப் பார்த்தாலே கொல்லைக்கு ஓடினாள்.

"சித்திக்கு இன்னாம்மா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"பித்தம். போய்ப் படி."

பெரியவர்களையும் மயக்கி வைத்திருக்கிறான் என்று புரிந்தது. கடைசிச் சோதனையாக வேப்பிலையை அரைத்து அவருடைய மோரில் கலந்தேன். ஒரே மூச்சில் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, "உப்பு கம்மி" என்றார்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துறவி புங்கமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். என்னிடம் குதிரை இல்லை. தவழ்ந்துதான் போனேன். கத்தரிக்கோல் மொட்டை. மூன்று வெட்டில் இடது கன்னம் கிட்டத்தட்டச் சுத்தமாகிவிட்டது. நாலாவது வெட்டில் அவர் கண் விழித்தார்.

அடிப்பார் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. கன்னத்தைத் தடவினார். பிறகு கட்டிலை விட்டு இறங்கி, மண்ணில் விழுந்த மயிரையெல்லாம் ஒன்றுவிடாமல் பொறுக்கித் துண்டில் போட ஆரம்பித்தார். சத்தம் கேட்டு வந்த சித்தி, அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"இதுவுமா?" என்றாள்.

போன வாரம் நான் உடைத்த அவளுடைய முகம் பார்க்கும் கண்ணாடியைச் சேர்த்துக் கணக்குப் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா என் முதுகில் சாத்தினாள். அடிக்கும் அடிக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில், சித்தியைக் காப்பாற்றிய விவரத்தை வாக்குமூலமாகச் சொல்லி, சாட்சிக்குப் புத்தகத்தையும் கொண்டுவந்து நீட்டினேன்.

"மாசாமாசம் புக்கு வாங்கியாந்து குட்த்த இல்ல, உனுக்கு நல்லா வேணும் தம்பி" என்று அம்மா சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் புத்தகத்தைப் புரட்டினார். "இதுல நான் யாருடா?"

"சாமியாரு."

"உங்க சித்தி?"

"ராணி."

"ராணிக்குக் கடசீல இன்னா ஆவுது?"

"ஒண்ணும் ஆவாது. நல்லாய்டுவா."

சித்தப்பா சித்தி பக்கம் திரும்பி, "கேட்டுக்கினியா" என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாலு மாசம் சித்தப்பா அரைத் தாடியோடு திரிந்தார். இடது பக்கம் எலி கரண்டிய தேங்காய் மாதிரி, வலது பக்கம் ரிஷி மாதிரி. மில்லில் 'அரைச்சாமி' என்று பேர் வைத்தார்கள். முடிதிருத்துகிறவர் ரோட்டில் மறித்து, சும்மாவே சரிபண்ணித் தருவதாகக் கெஞ்சினார். சித்தப்பா பெல் அடித்துக்கொண்டு மிதித்துப் போய்விட்டார்.

தையில் சித்திக்குப் பெண் பிறந்தாள், எனக்குத் தங்கச்சிப் பாப்பா. வீட்டில் ஒரு பெண் மாசமாக இருந்தால் புருஷன் முடி மழிக்க மாட்டான், பாம்படிக்க மாட்டான், தேங்காய் உடைக்க மாட்டான் என்று அம்மா அன்றைக்குத்தான் எனக்கு விளக்கினாள். அதற்கு முன்னால் இரண்டு தடவை சித்தி ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதை மட்டும் சொல்லவில்லை. அது எனக்கு மீசை முளைத்த பிறகு தெரிந்தது.

ஆகவே வல்லக்கோட்டையில் சித்தப்பா தாடி எடுக்க உட்கார்ந்தபோது, பக்கத்தில் குந்தியிருந்த எனக்கு அவரைக் கிண்டல் பண்ண முழுத் தைரியம் இருந்தது.

"நான்தான் பாதிய வெட்டிட்டேனே சித்தப்பா, அப்பறம் மீதிய எதுக்கு இத்தினி நாளு வெச்சிகினு சுத்துனீங்க?"

கத்தி கன்னத்தில் இருந்ததால் அவர் தலையைத் திருப்பவில்லை.

"பாதி இருந்துச்சேடா."